சொல்லிவைத்ததெல்லாம் எங்கே போயிற்று? இயங்குதளம் உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

இயங்குதளங்களை வடிவமைப்போருக்கும், நிரல் எழுதுவோருக்கும், சோதித்துப் பார்த்து வெளியிடுவோருக்கும்,

வணக்கம்.

போன மாதம் என் கணினியின் இயங்குதளத்தை, அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை, புதிய பதிப்புக்கு மாற்றினேன். அடுத்த நாளே அம்மாவின் கணினியையும் மாற்றிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு கணினிகளிலும் பார்த்ததை உங்களிடமே நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இந்த மடல். எந்த இயங்குதளம், எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லப்போவதில்லை. இத்தனை வருடத்தில் மூன்று வகை இயங்குதளங்களில் வேலை பார்த்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் குறை ஏதோ ஓர் அளவில் மூன்றிலும் இருந்தது. அதனால் உங்களில் யார் படித்தாலும் தமக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நிஜமாகவே நன்றாக இருக்கிறது. மூடியைத் திறந்ததும் கணினி விழித்துக்கொள்கிறது. திரையில் தமிழ் பளிச்சென்று தெரிகிறது. பழைய பதிப்பில் ஒரு கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால், சாளரத்தின் தலைப்புப் பட்டையில் எழுத்துகளின் தலை வெட்டுப்பட்டிருக்கும். புள்ளி தெரியாது, ஈகாரத்தின் சுழி பாதிதான் தெரியும். 'விடு' என்பதும் 'வீடு' என்பதும் ஒன்றுபோல நிற்கும். இப்போது எழுத்துக்கு மேல் போதிய இடம் விட்டிருக்கிறீர்கள். உங்களில் யாரோ ஒருவர் தமிழைத் திரையில் போட்டு, கண்ணால் பார்த்து, இந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். அவருக்கு என் நன்றி. கோப்புகளுக்குள் இருக்கும் தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் இப்போது கிடைக்கிறது. பல வருடமாக நான் ஏங்கிய வசதி அது.

சரி, மாற்றிய அன்று நடந்ததுக்கு வருகிறேன்.

எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, நகலில் நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்து, திறக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பொத்தானை அழுத்தினேன். இது வெறும் பயத்தில் செய்தது இல்லை. 2018 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 மேம்படுத்தல் சிலருடைய கணினிகளில் அவர்களுடைய சொந்தக் கோப்புகளையே அழித்தது. சில நாள்களிலேயே அதை நிறுத்திவைத்து, நவம்பரில் சரிசெய்து மறுபடி வெளியிட்டார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நகலெடுக்காமல் நான் எதையும் தொடுவதில்லை.

மணிக்கணக்கில் சதவீதம் ஏறியது. நடுவில் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டது. 'கணினியை அணைக்க வேண்டாம்' என்ற ஒரு வரி மட்டும் திரையில். உள்ளே வேலை நடக்கிறதா, மாட்டிக்கொண்டதா என்று வெளியே இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. அந்த நேரத்தில் 'உங்கள் கோப்புகளை இன்னும் தொடவில்லை' என்றோ, 'கோப்புகள் பத்திரம், இப்போது பிரின்டர் டிரைவரை மாற்றிக்கொண்டிருக்கிறோம்' என்றோ ஒரு வரி வந்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! இது சின்ன விஷயம்தான். ஆனால் அந்தத் திரைக்கு முன்னால் காத்திருப்பவருடைய பல வருட உழைப்பு அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

பிறகு கணினி எழுந்தது, வரவேற்றது, வரிசையாகக் கேள்விகள் கேட்டது. உங்கள் இருப்பிடத்தைப் பகிரலாமா? எழுதும் பழக்கத்தை எங்களுக்கு அனுப்பலாமா? கோப்புகளை எங்கள் சேமிப்பகத்தில் வைக்கலாமா? ஆறு வருடத்துக்கு முன்பு இதே கேள்விகளுக்கெல்லாம் 'வேண்டாம்' என்று பதில் சொல்லியிருந்தேன். இந்த முறை பெரிய பொத்தானில் 'ஏற்கிறேன்', அதன் கீழே சிறிய எழுத்தில் 'பிறகு கேள்'. 'வேண்டாம்' என்ற சொல்லைக் காணோம். வேண்டாம் என்று சொன்னவரிடம் 'பிறகு' என்ற பதிலை மட்டும் வாங்கிக்கொள்வது முறையாக எனக்குப் படவில்லை.

அடுத்த நாள் காலை எழுத உட்கார்ந்தேன். நான் தமிழ்99 விசைப்பலகையில் எழுதுகிறவன். 1999இல் வந்த அமைப்பு அது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய் என்று பிரித்திருப்பார்கள். 'அம்மா' என்று எழுத இடது சுண்டுவிரல் ஒரு தரம், வலது நடுவிரல் இரண்டு தரம், மறுபடி இடது சுண்டுவிரல் மேல்வரிசையில் ஒரு தரம். புள்ளியை நாம் தேடிப்போய் வைக்க வேண்டியதில்லை. ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்தின் தலையில் புள்ளி தானாக வந்து உட்காரும். பழகிவிட்டால் கை எழுதுவதே தெரியாது, நினைத்தது திரையில் இருக்கும்.

அன்று நான்கு தட்டு தட்டி நிமிர்ந்து பார்த்தால், புள்ளிகளால் ஆன ஒரு வெற்று வட்டம், அதற்கு இரு பக்கமும் ஓகாரக் குறி, அடுத்து ஒரு 'க', அதையடுத்து ஒரு 'கௌ'. ஒரு நிமிடம் எழுத்துருதான் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். எழுத்துரு நன்றாகத்தான் இருந்தது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வடிவமைத்த இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையை எனக்குப் போட்டுவிட்டிருக்கிறீர்கள். அதுவும் நல்ல அமைப்புதான், அதில் வேகமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது என் கைக்குப் பழகியது இல்லை. என் மொழி தமிழ் என்பதை மேம்படுத்தல் நினைவில் வைத்துக்கொண்டது, நான் எந்த விசைப்பலகையில் எழுதுகிறேன் என்பதைக் கீழே போட்டுவிட்டது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறுகிற குறுக்குவிசையும் மாறியிருந்தது. அமைப்புகள் பக்கத்தையே இடம் மாற்றி வைத்திருந்ததால், பழையபடி ஆக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. 'விசைப்பலகை' என்ற தலைப்பின் கீழ் தேடினேன், இல்லை. 'மொழி' என்பதன் கீழ் போய், அதற்குள் இருந்த மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'தேர்வுகள்' என்பதைத் திறந்த பிறகுதான் கிடைத்தது.

இதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்று. திரையின் பின்னணிப் படம் அப்படியே இருந்தது. என் வீட்டு மாடியிலிருந்து எடுத்த மழைமேகப் படம். அதைப் பத்திரமாகப் பழைய பதிப்பிலிருந்து புதியதற்குக் கொண்டுவந்திருந்தீர்கள். அப்படியென்றால் உங்களால் முடியாத காரியம் ஒன்றுமில்லை. எதைக் கொண்டுவர வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று யாரோ ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் படம் இருந்தது, விசைப்பலகை இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் பார்வையில் 'அமைப்பு' என்பது எங்கோ ஒரு கோப்பில் இருக்கும் ஒரு மதிப்பு. 0 அல்லது 1. எனக்கு அது நான் கணினியிடம் சொல்லிவைத்த சொல். இந்தப் பிரவுசரில்தான் திற என்றேன். வேலை செய்யும்போது மணி அடிக்காதே என்றேன். என் கோப்புகளை வெளியே அனுப்பாதே என்றேன். எழுத்தைப் பெரிதாகக் காட்டு என்றேன். ஒவ்வொன்றையும் ஒரு நாள், ஏதோ ஒரு தேவையில், தேடிக் கண்டுபிடித்துச் சொன்னேன். ஆறு வருடமாகச் சொல்லிவைத்ததை ஒரே இரவில் மறந்துவிட்டு, காலையில் முதல்முறை பார்க்கிற ஆளைப்போல என்னிடம் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டால் எனக்கு வருத்தம் வரத்தான் செய்யும்.

எதையும் மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2011இல் ஆப்பிள் நிறுவனம் மேக் ஓஎஸ் லயன் பதிப்பில் உருட்டும் திசையையே தலைகீழாக மாற்றியது. விரலை மேலே தள்ளினால் பக்கமும் மேலே போகும். பலருக்கு அன்று தலை சுற்றியிருக்கும். ஆனால் அமைப்புகளில் ஒரு கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டால் பழைய திசைக்கே வந்துவிடலாம். புதுசு பிடித்தவர் புதுசோடு போனார், பிடிக்காதவர் பழசோடு இருந்தார். மறுபக்கம் பாருங்கள். 1995இல் விண்டோஸ் 95 கொண்டுவந்த ஸ்டார்ட் பொத்தானை 2012இல் விண்டோஸ் 8 எடுத்துவிட்டது. 17 வருடம் அந்த மூலைக்கே போய்ப் பழகிய கை, வெற்று மூலையைத் தட்டிக்கொண்டிருந்தது. திரும்பப் பெற ஒரு டிக் கட்டம்கூட வைக்கவில்லை. அடுத்த வருடம் 8.1இல் பொத்தான் திரும்பியது, பழைய மாதிரியான பட்டியல் வர 2015இல் விண்டோஸ் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டுமே கைப்பழக்கத்தை மாற்றிய மாற்றங்கள்தான். ஒன்றில் வழி விட்டார்கள், இன்னொன்றில் அடைத்துவிட்டார்கள்.

சொற்களும் அப்படித்தான். நான் இடைமுகத்தைத் தமிழில் வைத்திருக்கிறேன். பழைய பதிப்பில் எங்கும் 'கோப்புறை' என்றிருந்தது. புதியதில் ஓரிடத்தில் 'அடைவு', இன்னோரிடத்தில் 'ஃபோல்டர்'. எந்தச் சொல் சரி என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே வைத்திருந்தால் போதும்.

இப்போது அம்மாவின் கணினி. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. எழுத்தளவை ஒன்றரை மடங்காக்கி, சுட்டியைப் பெரிதாக்கி மஞ்சள் நிறம் கொடுத்து வைத்திருந்தேன். அறுபது வயதுக்குப் பிறகு கணினி கற்றுக்கொண்டவர். என்னைக் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறார். 'மெயில் பார்க்க: இடது கீழ் மூலையிலிருந்து மூன்றாவது படம், நீலம், ஒரு தடவை அமுக்கவும்.' பக்கத்தில் பேனாவால் சின்னதாக ஒரு உறை வரைந்திருக்கிறார். 'போட்டோ பார்க்க', 'பெரிசாக்க', 'மூட', 'தப்பா ஏதாவது வந்தால்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். மொத்தம் பதினோரு பக்கம்.

மேம்படுத்தி முடித்து அவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம், "என் கம்ப்யூட்டர் எங்கே?" என்று கேட்டார்.

படங்கள் இடது மூலையிலிருந்து நடுவுக்கு நகர்ந்திருந்தன. மெயிலின் நீலம் போய் வேறு ஒரு கலவை நிறம். எழுத்தளவு பழைய சிறிய அளவுக்கே திரும்பியிருந்தது. சுட்டி வெள்ளையாகி, வெள்ளைத் திரையில் காணாமல் போனது. எழுத்தளவை நான் சரிசெய்து கொடுத்தேன், சுட்டியையும் மஞ்சளாக்கினேன். ஆனால் நோட்டை என்ன செய்வது? அம்மா முதல் பக்கத்தை எடுத்து, திரையைப் பார்த்து, மறுபடி நோட்டைப் பார்த்து, "நான்தான் தப்பா எழுதிட்டேன் போல" என்றார். அவர் எழுதியதில் ஒரு தப்பும் கிடையாது. அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் இடம் மாற்றி வைத்ததற்கு அவர் தன்னை நொந்துகொண்டார்.

நாலைந்து நாள் முயன்றார். பிறகு கணினியைத் திறப்பதையே விட்டுவிட்டார். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதியின் கெடு முடிய ஒரே ஒரு நாள் இருந்தபோது திருப்பிவிட்டேன். அந்தக் கெடுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10 வந்த புதிதில் திரும்பிப்போக 30 நாள் கொடுத்தார்கள், 2016இல் அதைப் 10 நாளாகக் குறைத்தார்கள். பழைய பதிப்பின் கோப்புகள் டிஸ்க்கில் நிறைய இடம் பிடிக்கும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் வாரத்துக்கு ஒரு முறை கணினியைத் திறப்பவருக்குப் பத்து நாள் என்பது இரண்டே முறை. அதுவும் முதல் சில நாள்களில், எல்லாக் கோப்புகளையும் புதிதாக அட்டவணைப்படுத்திக்கொண்டு கணினி மெதுவாக ஓடும். புதியது தனக்கு ஒத்துவருமா என்று அவர் எப்போதுதான் முடிவெடுப்பார்? டிஸ்க்கில் இடம் இருந்தால், 'இன்னும் ஒரு மாதம் பழையதை வைத்திருக்கவா?' என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன?

பழையதிலேயே இருந்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகள் பூட்டிக்கொண்டன. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள், போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஏன் போடவில்லை என்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். அதில் ஒரு காரணத்தை எனக்கு நேரில் தெரியும். போன தடவை அப்டேட் போட்டபோது ஏதோ ஒன்று உடைந்தது. அதனால் இந்தத் தடவை அப்டேட்டையே நிறுத்திவைத்துவிட்டார்கள். நண்பர்களின் கணினிகளைப் பார்க்கப் போகும்போது இதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். நீங்கள் ஒரு பொத்தானை அழகுக்காக நகர்த்தும்போது, எங்கோ ஒருவர் பாதுகாப்புத் திருத்தத்தைச் சேர்த்தே நிறுத்துகிறார். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புவதால் வரும் வினை இது.

பிரித்து அனுப்ப முடியும் என்பதை உங்களில் சிலரே காட்டியிருக்கிறீர்கள். லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஏப்ரலில் வருகிறது. ஒன்றை நிறுவிக்கொண்டால் ஐந்து வருடம் திருத்தங்கள் வரும், முகம் மாறாது. லினக்ஸின் கருவை, அதாவது மற்ற நிரல்களெல்லாம் மேலே ஓடுகிற அடிப்படை நிரலை, எழுதுபவர்களுக்கு ஒரு பழைய விதி உண்டு. கருவில் என்ன மாற்றம் செய்தாலும், அதன் மேல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நின்றுபோகக் கூடாது. நின்றுபோனால் தப்பு நிரலில் இல்லை, கருவில்தான் என்று எடுத்துக்கொண்டு திருத்துவார்கள். நிரலுக்குக் கொடுக்கும் அந்த மரியாதையை மனிதருடைய கைப்பழக்கத்துக்கும் கொடுங்கள் என்று கேட்கிறேன். ஒருவருடைய கை தடுமாறினால் அதை உங்கள் பக்கத்துப் பிழையாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்கவே முடியாமல் ஒன்றை உடைக்க வேண்டியிருந்தால், முன்கூட்டியே சொல்லுங்கள். 2019இல் மேக்ஓஎஸ் கேடலினா, 32-பிட் என்ற பழைய வகை நிரல்களை முழுவதுமாகக் கைவிட்டது. ஆனால் 2018 முதலே, அப்படிப்பட்ட நிரலைத் திறக்கும்போது, வருங்காலத்தில் இது ஓடாது என்று எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. வருத்தப்பட்டாலும் மாற்று தேடிக்கொள்ள அவகாசம் இருந்தது. விண்டோஸ் 11க்கு மாற முடியுமா என்று பார்க்கிற கருவி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்கிறதா, நினைவகம் போதுமா என்று வன்பொருளை முன்பே சரிபார்த்துச் சொல்கிறது. அதே சோதனையை இன்னும் ஒரு படி நீட்டி, என் கணினியில் நான் வைத்திருப்பதையும் பார்த்துச் சொல்லலாமே. 'நீங்கள் தமிழ்99 பயன்படுத்துகிறீர்கள், அது அப்படியே வரும்.' 'உங்கள் ஸ்கேனருக்குப் புதிய டிரைவர் இல்லை, இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.' 'மெயில் படம் இந்த இடத்துக்கு நகரும், பழைய இடத்திலேயே வைக்க இங்கே தொடுங்கள்.' பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் இப்படி ஒரு பக்கம் வந்தால், அதை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டே மேம்படுத்துவேன்.

புதுசு உங்களுக்கு எவ்வளவு பெருமையானது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. இரண்டு மூன்று வருடம் உழைத்து ஒன்றைச் செய்தவருக்கு அதை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைக்க ஆசை இருக்கும். வையுங்கள். நான் பார்க்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்த் தேடலை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை, இரண்டாம் நாளே பழகிவிட்டது.

என் கணினி இப்போது புதிய பதிப்பில்தான் ஓடுகிறது, இந்த மடலையும் அதில்தான் எழுதினேன். அம்மாவின் கணினி பழையதில் இருக்கிறது. நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மறுபடி மெயில் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். அந்தப் பழைய பதிப்புக்குத் திருத்தங்கள் வருவது நிற்கும் நாள் நெருங்குகிறது. அதற்குள் அதையும் மாற்றியாக வேண்டும், மாற்றுவேன். அந்தப் பதினோரு பக்கத்தில் எந்தெந்தப் பக்கம் செல்லாமல் போகும் என்று மட்டும் அதற்கு முன்பே எனக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து, அந்தப் பக்கங்களைப் பெரிய எழுத்தில் புதிதாக எழுதி, படமும் வரைந்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இயங்குதளத்தில் தினமும் எழுதுகிற ஒருவன்